பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்த துப்பாக்கி

1915ஆம் ஆண்டு ஏப்ரல் 24. பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு வடகிழக்கே, செயின்ட் ஜூலியன் கிராமத்தைச் சுற்றிக் கனடாவின் முதல் டிவிஷன் பதுங்குகுழிகளில் கிடக்கிறது. இரண்டு நாளுக்கு முன்பு, 22ஆம் தேதி மாலை, ஜெர்மானியப் படை பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் படைகள் மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டிருந்தது. இன்று அந்த மஞ்சள் பச்சைப் புகை நேராகக் கனடாக்காரர்களை நோக்கியே வருகிறது. முகமூடி கிடையாது. நனைத்த துணியை மூக்கிலும் வாயிலும் அழுத்திக்கொண்டு, புகைக்குப் பின்னால் வரும் காலாட்படையைப் பார்த்துச் சுடுகிறார்கள்.

முதல் சில ரவுண்டுகள் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. குழல் சூடேறியதும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இறுகிக்கொண்டது. சுட்டு முடித்த காலித் தோட்டா உள்ளேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. கையால் இழுத்துப் பார்த்தார்கள். குழி தோண்டும் கருவியின் காம்பால் தட்டினார்கள். அதற்கும் அசையாதபோது துப்பாக்கியைத் தரையில் ஊன்றி, போல்ட்டின் கைப்பிடியைப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள். எதிரி நெருங்கி வந்துகொண்டிருக்கும்போது, ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஓர் உதை.

சண்டை ஓய்ந்து கணக்கெடுத்தபோது, உயிர் தப்பிய ஏறத்தாழ ஐயாயிரம் காலாட்படையினரில் 1,452 பேர் தங்களுக்குத் தரப்பட்ட ராஸ் துப்பாக்கியை வீசியெறிந்துவிட்டிருந்தார்கள். விழுந்துகிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆயுதத்தைக் கைவிடுவது எந்த ராணுவத்திலும் குற்றம். அந்தக் குற்றத்தை ஒரே வாரத்தில் ஆயிரம் பேருக்கு மேல் செய்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் கையில் இருந்தது எப்படிப்பட்ட பொருள் என்று புரியும்.

துப்பாக்கி என்றாலே முன்பக்கம் நடப்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு குறி தப்பாமல் போகும் என்று. செயின்ட் ஜூலியனில் சிப்பாய்களைக் கைவிட்டது பின்பக்கம். அங்கே, குழலின் அடியில், ஒரு விரல் நீளத்துக்குத் தோட்டா உட்காரும் அறை இருக்கிறது. சேம்பர் என்பார்கள். அந்த அறையின் அளவும், அதில் உட்காரும் பித்தளை உறையின் அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால் மடிந்தவர்களின் கதை ராணுவ வரலாறு நெடுகிலும் கிடக்கிறது.

அறைக்குள் நடப்பது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒரு நாடகம். ஊசி தட்டியதும் மருந்து எரிகிறது. சதுர அங்குலத்துக்கு 40,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் எழும்புகிறது. பித்தளை உறை பலூன் போல உப்பி, எஃகுச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாவிட்டால் கொதிக்கும் வாயு பின்பக்கம் பீறிட்டுச் சுடுபவரின் முகத்தில் அடிக்கும். குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் விழுகிறது. உப்பிய பித்தளை ஒரு துளி சுருங்குகிறது. உறை வெளியே வருவதும் வராததும் அந்த ஒரு துளிச் சுருக்கத்தில்தான் இருக்கிறது.

தோட்டா உறைக்குப் பித்தளையைத் தேர்ந்தெடுத்த காரணமும் இதுதான். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, விரியவும் செய்யும், விட்டால் ஓரளவு மீளவும் செய்யும். அடிப்பக்கம் கடினமாகவும் கழுத்துப்பக்கம் இளக்கமாகவும் இருக்கும்படி தொழிற்சாலையில் அதைப் பதப்படுத்துவார்கள். அழுத்தத்தில் எஃகு அறையும் இம்மியளவு விரிந்து மீள்கிறது என்பதை மறக்கக்கூடாது. பித்தளை சுருங்கும் அளவைவிட எஃகு மீளும் அளவு அதிகமானால் சுவர் உறையைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் இழுவை, உதை, சுத்தியல்தான்.

எந்தச் சமையலறையிலும் இதைப் பார்க்கலாம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய டம்ளர்கள் சில நேரம் இறுகிக்கொள்ளும். கைப்பழக்கம் உள்ளவர்கள் எடுத்தவுடன் இழுக்க மாட்டார்கள்; முதலில் மெதுவாக ஒரு திருகு கொடுப்பார்கள். பிடி விட்டதும் டம்ளர் தானாகக் கையோடு வந்துவிடும். கீழே ஒடுங்கி மேலே அகன்ற டம்ளர் என்பதால், கொஞ்சம் நகர்ந்தாலே சுற்றிலும் இடைவெளி விழுந்துவிடுகிறது. நல்ல துப்பாக்கிக்கும் இந்த இரண்டும் வேண்டும்: அடியிலிருந்து நுனிக்கு ஒடுங்கும் உறை, முதல் பிடியை விடுவிக்கும் திருகு.

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் .303 தோட்டா அப்படி ஒடுங்கும் உடல் கொண்டது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் போலீஸ்காரர்கள் தோளில் தொங்கிய ‘திரீ நாட் திரீ’ துப்பாக்கியின் தோட்டாதான் அது. 1888இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. உறையின் நீளம் 56 மில்லிமீட்டர். அடியில் 0.460 அங்குலம் இருக்கும் குறுக்களவு, தோள்பட்டைக்கு வரும்போது 0.401 அங்குலமாக ஒடுங்கிவிடுகிறது. அதன் வயிற்றில் இருந்த கார்டைட் என்ற வெடிமருந்துக்காகத்தான் நீலகிரியின் அருவங்காட்டில் 1903இல் கார்டைட் தொழிற்சாலை எழுந்தது.

லீ-என்ஃபீல்டு துப்பாக்கியில் இந்தத் தோட்டாவுக்கான அறையைத் தாராளமாகவே குடைந்திருந்தார்கள். .303 தோட்டா அடியிலுள்ள விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காரும் வகை. ஆகவே உடலைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டாலும் தோட்டா தன் இருப்பிடத்தை விட்டு ஆடாது. சேறு பட்ட தோட்டாவும், அளவில் சற்றுப் பருத்த தோட்டாவும் அந்த அறைக்குள் போகும், வெளியேயும் வரும். இதற்கு ஒரு விலை உண்டு. உறை அதிகமாக உப்பி நீண்டுவிடுவதால், காலி உறையில் மறுபடி மருந்து நிரப்பிச் சுடுபவர்களிடம் அது சீக்கிரமே அடிப்பக்கம் விரிசல் விடுகிறது. பழைய லீ-என்ஃபீல்டு வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் இதைச் சொல்லிக் குறைப்படுவது வழக்கம். பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்க்கு அந்தக் கவலை இல்லை. ஒரு தடவை சுட்ட உறை அவன் காலடியில் விழுந்தால் போதும்.

ராஸ் துப்பாக்கியின் பிறப்பு வேறு மாதிரி. போயர் யுத்தக் காலத்தில் கனடாவுக்குப் போதிய லீ-என்ஃபீல்டு கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் சர் சார்லஸ் ராஸ் என்ற ஸ்காட்லாந்துப் பிரபு, தான் வடிவமைத்த துப்பாக்கியைக் கனடாவிலேயே செய்து தருவதாக முன்வந்தார். கியூபெக் நகரத்தில் தொழிற்சாலை வந்தது. சொந்த நாட்டில், சொந்தக் கையால் செய்த துப்பாக்கி என்பதில் கனடா மக்களுக்கு இருந்த பெருமிதம் நியாயமானது. துப்பாக்கியும் குறிபார்த்துச் சுடுவதில் அந்தப் பெருமையைக் காப்பாற்றியது. இங்கிலாந்தின் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் புகழ்பெற்ற கிங்ஸ் பிரைஸ் போட்டியை 1911இலும் 1913இலும் கனடாக்காரர்கள் வென்றார்கள். போட்டி மைதானங்களில் ராஸின் பெயர் ஓங்கி ஒலித்த காலம் அது.

அந்தத் துல்லியத்துக்கு உதவிய அம்சங்களில் ஒன்று, இறுக்கமாகக் குடைந்த அறை. தோட்டா ஆடாமல் அசையாமல், குழலுக்கு நேர்க்கோட்டில் உட்காரும். கனடாவின் டொமினியன் ஆர்சனல் தயாரித்த தோட்டாக்கள் அளவு பிசகாமல் வந்தன. ராஸ் அறைக்குள் அழகாகப் போய் வந்தன. போர் தொடங்கியதும் நிலைமை மாறியது. பிரான்ஸ் முனையில் கனடாப் படைக்குக் கிடைத்தவை பிரிட்டனில் அவசர அவசரமாக லட்சக்கணக்கில் உருவான தோட்டாக்கள். பல தொழிற்சாலைகள், புதிய இயந்திரங்கள், புதிய ஆட்கள். அளவில் சற்றுப் பருத்த தோட்டாக்களும் பெட்டிகளில் வந்தன. லீ-என்ஃபீல்டின் தாராளமான அறைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ராஸின் அறைக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்குகூடப் பெரிய விஷயமாக இருந்தது. அதோடு சூடும் சேறும் சேர்ந்தன.

அறை மட்டும் இறுக்கமாக இருந்திருந்தால் சமாளித்திருக்கலாம். முதல் பிடியை விடுவிக்கும் திருகும் ராஸில் பலவீனம். லீ-என்ஃபீல்டிலும் ஜெர்மானிய மவுசரிலும் போல்ட்டைக் கதவுத் தாழ்ப்பாள் போல முதலில் மேலே தூக்க வேண்டும். அப்படித் தூக்கும்போதே கைப்பிடியின் அடி ஒரு சாய்தளத்தில் ஏறி, போல்ட்டை மிகச் சிறிது தூரம், ஆனால் பெரும் பலத்தோடு பின்னால் தள்ளும். போல்ட்டின் நுனியிலுள்ள கொக்கி உறையின் விளிம்பைப் பற்றி அதன் பிடியைத் தளர்த்திவிடும். அப்புறம் இழுப்பது குழந்தைக்கும் சுலபம். ராஸ் துப்பாக்கியில் தூக்கும் வேலையே இல்லை. நேராகப் பின்னால் ஓர் இழுப்பு, நேராக முன்னால் ஒரு தள்ளு. உள்ளே போல்ட்டின் தலை சுழல் பள்ளங்களில் தானாகத் திரும்பிக்கொள்ளும். தூக்குகிற அசைவு மிச்சமாவதால் வேகமாகச் சுடலாம் என்பது கணக்கு. சுத்தமான தோட்டா, குளிர்ந்த குழல் என்றால் கணக்கு சரியாகத்தான் வந்தது. உறை இறுகிக்கொண்டால் சாய்தளத்தின் உதவி இல்லாமல் மனிதக் கையின் வலு மட்டுமே மிஞ்சியது.

இன்னொரு கோளாறும் சேர்ந்துகொண்டது. போல்ட்டைப் பின்னால் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் பூட்டுப் பல் ஒரு தடுப்பின் மேல் போய் மோதும். பல்லின் இரும்பு போதிய கடினம் பெறாத துப்பாக்கிகளில், மோதி மோதிப் பல்லின் ஓரம் நசுங்கியது. நசுங்கிய பல் பூட்டுக்குள் புகவும் அடம்பிடித்தது, வெளியே வரவும் அடம்பிடித்தது. இறுகிய போல்ட்டை உதைக்கிற ஒவ்வோர் உதையும் இந்தக் கோளாறை மேலும் வளர்த்தது என்பதுதான் வேதனை.

களத்தில் இருந்த தளபதி எட்வின் ஆல்டர்சன் குறையை எழுதினார். கனடாவின் ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸ் ராஸ் துப்பாக்கியைத் தன் சொந்தப் பிள்ளை போலப் பாதுகாத்தார். பழியைத் தோட்டாக்கள் மேல் போட்டார். 1915 ஜூனில் முதல் டிவிஷனுக்கு லீ-என்ஃபீல்டு கொடுத்தார்கள். பின்னால் வந்த டிவிஷன்கள் மேலும் ஓராண்டு ராஸையே சுமந்தன. அறைகளை ரீமர் என்ற குடையும் கருவியால் அகலப்படுத்தினார்கள், பூட்டுப் பல்லைக் கடினப்படுத்தினார்கள், தடுப்பையும் திருத்தினார்கள். பழுது பெரும்பாலும் சரியானது. போன நம்பிக்கை திரும்பவில்லை. 1916 இலையுதிர்காலத்துக்குள் காலாட்படையிடமிருந்து ராஸ் விடைபெற்றது. அதே ஆண்டு நவம்பரில் ஹியூஸ் பதவியை இழந்தார்.

ஹியூஸ் தோட்டாவைக் குறை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியைப் பார்க்க அவர் மறுத்தார். பருத்த தோட்டா வரும் என்று போர்க்காலத்தில் எதிர்பார்த்தே ஆக வேண்டும். பிஸ்லியின் புல்வெளியில் தேறிய அளவை ஈப்ரின் சேற்றிலும் தேறும் என்று நம்பியதற்கு, சிப்பாய்கள் தங்கள் உயிரைக் கொடுத்தார்கள்.

இந்தப் பாடம் 1915க்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1876 ஜூன் 25 அன்று அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் வீரர்களிடம் ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படை தோற்றது. குதிரைப்படை வைத்திருந்த 1873 மாடல் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன்களுக்குச் செம்புத் தோட்டா. செம்பு பித்தளையைவிட இளக்கம். விரிந்தால் மீள்வது குறைவு. தோல் பட்டையில் செருகி வைத்தால் பச்சைக் களிம்பும் படரும். சூடான அறையில் உறை ஒட்டிக்கொண்டால் கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் கத்தியால் நெம்ப வேண்டும். அந்தச் சண்டையில் உயிர் பிழைத்த மேஜர் ரீனோ, தன் பிரிவின் 380 கார்பைன்களில் ஆறு இப்படிப் பயனற்றுப் போனதாக அறிக்கை எழுதினார். 1983இல் அந்தப் புல்வெளியைத் தீ எரித்த பிறகு தொல்லியலாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். நெம்பிய கீறல் உள்ள உறைகள் சிலவே கிடைத்தன. தோல்விக்குத் துப்பாக்கியே காரணம் என்ற பழைய கதை அத்துடன் வலுவிழந்தது. கோளாறு உண்மை, அது ஒன்றே படையை அழித்துவிடவில்லை.

ஒன்பது ஆண்டு கழித்து சூடானில் பிரிட்டிஷ் படைக்கும் இதே சங்கடம். அவர்களின் மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டா. மணலும் சூடும் சேர்ந்தால் சுருள் பிய்ந்து அறைக்குள் தங்கிவிடும். 1885 ஜனவரி 17 அன்று அபு கிளியாவில் மஹ்தி என்ற சூடானியத் தலைவரின் படையினர் பிரிட்டிஷாரின் சதுர வியூகத்தையே உடைத்து உள்ளே புகுந்தார்கள். அன்று இறுகிக்கொண்டவை சிப்பாய்களின் துப்பாக்கிகள் மட்டும் இல்லை. கப்பற்படையினர் கொண்டுவந்த கார்ட்னர் இயந்திரத் துப்பாக்கியும் ஏறத்தாழ எழுபது ரவுண்டில் நின்றுபோனது. அதன்பின் சுருட்டிய தகடு போய், ஒரே துண்டாக இழுத்துச் செய்த முழுப் பித்தளை உறை பிரிட்டிஷ் ராணுவத்துக்குள் வந்தது. மார்ட்டினியின் நெம்புகோலையும் நீளமாக்கினார்கள். கோல் நீண்டால் பிடுங்கும் பலம் கூடும்.

அளவுப் பிழைக்குச் சான்று வேண்டுமென்றால் பிரெஞ்சு ஷோஷா இயந்திரத் துப்பாக்கியைச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் இறங்கிய அமெரிக்கா, தன் .30-06 தோட்டாவுக்கு ஏற்றபடி அதை மாற்றித் தரச் சொன்னது. 1918 மாடலாக அது வந்தது. பிரெஞ்சுத் தோட்டாவின் உறை கூம்பு போல வெகுவாக ஒடுங்குவது. அமெரிக்க உறை நீளமானது, அதிக அழுத்தம் உடையது. புதிய அறைகளைத் தப்பான அளவில் குடைந்துவிட்டார்கள். சில ரவுண்டு சுட்டுச் சூடேறியதும் உறை உள்ளே ஒட்டிக்கொண்டது. கடைந்த கருவியின் நுனியில் நேர்ந்த பிழை, கடல் தாண்டி வந்த இளைஞர்கள் கையில் பயனற்ற இரும்பாக முடிந்தது.

உறை ஒட்டாமலிருக்க எஞ்சினியர்கள் எத்தனையோ வழி தேடினார்கள். இட்லித் தட்டில் எண்ணெய் தடவுவது போலத் தோட்டாவுக்கே எண்ணெய் தடவினார் ஜெர்மானியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஷ்வார்ஸ்லோஸ். அவருடைய 1907 மாடல் இயந்திரத் துப்பாக்கிக்குள் அதற்கென்றே ஓர் எண்ணெய்ப் பம்பு இருந்தது. ஜப்பானின் டைப் 11 இலகு இயந்திரத் துப்பாக்கியும் தோட்டாவுக்கு எண்ணெய் பூசியே உள்ளே அனுப்பியது. எண்ணெய் இருக்கும் இடத்தில் புழுதியும் ஒட்டும். சீனத்தின் தூசிக் காற்றில் அந்தத் துப்பாக்கி பெயர் கெட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பின்னாளில் ஜெர்மனியின் ஜி3 துப்பாக்கியில் அறைச் சுவரில் நீளவாக்கில் பன்னிரண்டு நுண்பள்ளங்களை வெட்டினார்கள். எரியும் வாயு அந்தப் பள்ளங்கள் வழியே உறைக்கும் சுவருக்கும் நடுவில் பாய்ந்து, உறையைச் சுவரோடு ஒட்டவிடாமல் மிதக்க வைக்கிறது. அதில் சுட்ட உறையில் கறுப்புக் கோடுகள் வரி வரியாகப் பதிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு எந்தத் துப்பாக்கியின் உறை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகும் வியட்நாமில் உறை ஒட்டும் கோளாறு திரும்ப வந்தது. யூஜின் ஸ்டோனர் வடிவமைத்த எம்16 துப்பாக்கி 1960களின் நடுவில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் வந்தது. இடையில் தோட்டாவின் மருந்தை மாற்றினார்கள். புதிய மருந்து அதிகக் கசடு விட்டது. துப்பாக்கி சுடும் வேகத்தையும் கூட்டியது. அறைக்குள் குரோமியம் பூசவில்லை. இரண்டாம் உலகப் போரிலேயே ஜப்பானியர் தங்கள் அரிசாகா துப்பாக்கிக் குழலுக்குக் குரோமியம் பூசியிருந்தார்கள். ஈரமான வெப்பநாட்டில் எஃகு என்ன பாடுபடும் என்பது தெரியாத விஷயம் அல்ல. வியட்நாமின் ஈரத்தில் எம்16இன் அறைச் சுவர் துருப்பிடித்துக் குழி குழியானது. சுடும்போது உப்பும் பித்தளை அந்த நுண்குழிகளுக்குள் பிதுங்கிப் பிடித்துக்கொண்டது. கொக்கி விளிம்பைக் கிழித்தது. துடைத்துச் சுத்தம் செய்யத் தேவையான சாமான்கள்கூடப் பலருக்குக் கொடுக்கப்படவில்லை. துடைக்கும் கம்பி வைத்திருந்தவன், சண்டை நடுவே அதைக் குழலின் வாய்வழியாக விட்டு, ஒட்டிய உறையைக் குத்தி வெளியே தள்ள வேண்டியிருந்தது. பிள்ளைகள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அமெரிக்க நாடாளுமன்றத்தை எட்டின. 1967இல் ரிச்சர்ட் ஐகார்ட் தலைமையிலான துணைக்குழு விசாரித்து, ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அதன்பின் அறைக்குக் குரோமியம் வந்தது. துப்பாக்கியைப் பராமரிப்பது எப்படி என்று சொல்லித்தர, காமிக்ஸ் ஓவியர் வில் ஐஸ்னர் படம் வரைந்த சின்னக் கையேடும் வந்தது.

1876, 1885, 1915, 1918, 1967 என்று ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், மைதானத்தில் தேறிய ஒன்று களத்தில் தவறியது என்பதே திரும்பத் திரும்ப வருகிறது. சோதனைக்கு நல்ல தோட்டா, துடைத்த அறை, நிதானமாகச் சுடும் ஆள். களத்தில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தோ வந்த தோட்டா, சேறு, துரு, நடுங்கும் கை. அறையின் அளவைத் தீர்மானிக்கும் மேசையில் அந்த நடுங்கும் கைக்கு ஓர் இடம் கொடுத்திருந்தால், எத்தனையோ வீடுகளுக்கு மரணச் செய்தி சொல்லும் தந்தி போயிருக்காது.

ராஸ் துப்பாக்கி முழுக்க மறைந்துவிடவில்லை. காலாட்படை அதைக் கீழே போட்ட பிறகும், கனடாவின் ஸ்னைப்பர்கள் சிலர் அதை விட மறுத்தார்கள். ஒஜிப்வா பழங்குடியைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் பெகமகபோ அவர்களில் ஒருவர். முதல் உலகப் போரின் மிகத் திறமையான ஸ்னைப்பர்களில் அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. ஸ்னைப்பருக்கு நிமிடத்துக்குப் பதினைந்து ரவுண்டு சுடும் அவசரம் இல்லை. ஒரு ரவுண்டு சுடுவார். குழல் ஆறும் வரை காத்திருப்பார். தோட்டாக்களைச் சேறு படாமல் துடைத்து வைத்துக்கொள்ள நேரம் இருக்கும். பிஸ்லி மைதானத்தின் அமைதியை அவர்கள் பதுங்குகுழிக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டார்கள். அந்த அமைதிக்குள் ராஸ் நன்றாகவே சுட்டது.

இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்கும் ராஸ் துப்பாக்கிகளில் பலவற்றில், அறையை அகலப்படுத்தியதற்கான முத்திரை எழுத்து உலோகத்தின் மேல் குத்தப்பட்டிருக்கிறது. வாங்குபவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். அப்புறம் போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, பூட்டுப் பல்லின் பின் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார்கள். நூறு வருடத்துக்கு முன் தடுப்பின் மேல் மோதி மோதி நசுங்கிய தடம் அங்கே இருக்கிறதா என்று.